பேலா போஸ் ஏன் பேசவில்லை? ஒரு வங்கப் பாடலும் வேலையின்மையின் வரலாறும்

நீண்ட பதிவு. பொறுமையுள்ளோர் படிக்க.

கொல்கத்தாவிற்கு ஆய்வு மாணவனாக வந்த முதலாண்டில் ஓரிரவு விடுதியில் மின்சாரம் நின்றுபோயிற்று. எல்லோரும் மொட்டைமாடிக்கு ஏறினோம். ஒருவர் கித்தாரை எடுத்துப் பாடத் தொடங்கினார். இரண்டாவது பாடலை அங்கிருந்த வங்க மாணவர் அனைவரும் சேர்ந்து பாடினர். எனக்கு அப்போது வங்கமொழி தெரியாது. ஏழு எண்கள் வரிசையாக வருவது மட்டும் புரிந்தது. காதல் பாட்டா என்று பக்கத்திலிருந்த மூத்த மாணவரிடம் கேட்டேன். "வேலை கிடைத்த பாட்டு" என்றார். சற்று யோசித்துவிட்டு, "கிடைத்தும் பயனில்லாத பாட்டு" என்று திருத்திக்கொண்டார்.

அஞ்சன் தத் 1994-இல் வெளியிட்ட 'பேலா போஸ்' என்னும் பாடல் அது. பல்லவியில் வரும் தொலைபேசி எண்ணாலேயே வங்காளிகள் அதைக் குறிப்பிடுவர். அந்த எண்ணை நான் இங்கே எழுதப்போவதில்லை. காரணத்தைப் பின்னர் சொல்கிறேன்.

பாடலின் கதை எளியது. ஓர் இளைஞன் பொதுத் தொலைபேசியிலிருந்து தன் காதலியின் வீட்டுக்கு அழைக்கிறான். பத்துப் பன்னிரண்டு முறை தவறான எண்களில் போய் விழுந்தபின் இணைப்புக் கிடைத்திருக்கிறது. அவனுக்கு வேலை கிடைத்துவிட்டது. தொடக்கச் சம்பளம் 1100 ரூபாய். மூன்று மாதம் கழித்து நிரந்தரம். இனி அவள் தன் வீட்டார் பார்த்த வரனை மறுத்துவிடலாம். மலிவான உணவகங்களின் மூடிய அறைகளில் ஒளிந்து ஒளிந்து சந்தித்தது போதும்; கஸ்பா பகுதியில் நீலச் சுவர் கொண்ட ஒரு வீடு அவர்களுக்காகக் காத்திருக்கிறது. மீட்டர் ஏறிக்கொண்டிருக்கிறது. மறுமுனையில் மறுமொழி இல்லை. அவள் அழுகிறாளா, அவளைக் கூப்பிடவேயில்லையா, அல்லது இதுவும் தவறான எண்தானா என்பது கேட்பவருக்குத் தெரிவதில்லை. அவன் எண்ணைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டேயிருக்கப் பாடல் முடிகிறது.

இதை வரலாற்றுச் சான்றாகக் கொள்ள முடியுமா என்பதே இப்பதிவின் கேள்வி. முடியும் என்பது என் கருத்து. ஆனால் எதற்குச் சான்று என்பதில் எச்சரிக்கை தேவை.

1

முதலில், வேலை என்ற சொல். அவன் பெற்றதை வங்கமொழி 'சாக்ரி' என்கிறது. கூலி வேலையையோ தொழிலையோ வணிகத்தையோ அச்சொல் சுட்டுவதில்லை. பிறரிடம் மாதச் சம்பளத்துக்கு அமர்வதே சாக்ரி. ஏவலாளைக் குறிக்கும் 'சாகர்' என்ற சொல்லோடு உறவுடைய சொல் அது. வரலாற்றாசிரியர் சுமித் சர்க்கார் 1992-இல் வெளியிட்ட 'கலியுகம், சாக்ரி, பக்தி' என்ற புகழ்பெற்ற கட்டுரை, இராமகிருஷ்ணரைத் தேடிச் சென்ற பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கல்கத்தாவின் எழுத்தர்களுக்குச் சாக்ரி எவ்வளவு கசப்பான அனுபவமாக இருந்தது என்று காட்டியது. கடிகாரத்துக்கு அடிமையாதல், வெள்ளை மேலாளரின் அவமதிப்பு, வாழ்நாள் முழுதும் உயராத பதவி. இவற்றிலிருந்து ஒரு விடுப்பாக பக்தி அவர்களுக்கு வாய்த்தது. எளிமையாகச் சொன்னால், சாக்ரி அவர்களுக்குத் தளை.

நூறாண்டு கழித்து அஞ்சன் தத்தின் இளைஞன், வேலை கிடைத்துவிட்டதால் இனி வரப்போகும் நிலையைச் சொல்ல 'முக்தி' என்ற சொல்லையே எடுக்கிறான். எந்தச் சாக்ரியிலிருந்து பாட்டனார்கள் முக்தி தேடினரோ, அந்தச் சாக்ரியே பேரனுக்கு முக்தியாகிவிட்டது. ஒரு வகுப்பின் ஒரு நூற்றாண்டு வரலாறு இந்தத் தலைகீழ் மாற்றத்துக்குள் அடங்கியிருக்கிறது.

இடையில் நிகழ்ந்தவற்றை யாவரும் ஓரளவு அறிவர். 1947 பிரிவினையில் சணல் ஆலைகள் இந்தியப் பக்கமும் சிறந்த சணல் விளைந்த நிலங்கள் கிழக்குப் பாகிஸ்தானிலும் சிக்கின. ஏதிலியர் பெருந்திரளாக வந்து சேர்ந்தனர். 1950-களில் தொடங்கிய சரக்குக் கட்டணச் சமநிலைக் கொள்கை, நிலக்கரிக்கும் எஃகுக்கும் அருகே இருந்ததால் கிழக்கு மாநிலங்களுக்குக் கிடைத்த ஆதாயத்தை இல்லாமற் செய்தது. 1990-களின் தொடக்கத்தில்தான் அது கைவிடப்பட்டது. 1960-களின் நடுவில் ரயில்வே தன் சரக்குப் பெட்டிக் கொள்முதலைக் குறைத்தபோது ஹவுராவின் பொறியியல் பட்டறைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தளர்ந்தன. தொழிற்பிணக்குகள், கதவடைப்புகள், முதலீட்டின் வெளியேற்றம் ஆகியன தொடர்ந்தன. இவற்றுள் எதற்கு எவ்வளவு பங்கு என்பதில் அறிஞரிடையே இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. விளைவு பற்றி வேறுபாடு இல்லை.

அந்த விளைவைப் பதிவு செய்த ஏடு வேலைவாய்ப்பு அலுவலகத்தின் நேரடிப் பதிவேடு. இரண்டாம் உலகப்போர் முடிந்து திரும்பிய படைவீரர்களுக்குப் பணி தேடித்தர 1945-இல் உருவான அமைப்பு அது. 1959-ஆம் ஆண்டுச் சட்டம் பொதுத்துறை நிறுவனங்களும் 25 பேருக்குக் குறையாமல் பணிபுரியும் தனியார் நிறுவனங்களும் காலியிடங்களை அதற்கு அறிவிக்க வேண்டும் என்றது. ஆனால் அலுவலகம் அனுப்புவோரையே அமர்த்த வேண்டும் என்று அச்சட்டம் சொல்லவில்லை. 1990-களின் தொடக்கத்தில் நாடெங்கும் இப்பதிவேட்டில் இருந்தோர் 3.6 கோடிக்கும் மேல். ஓராண்டில் இதன்வழி வேலை பெற்றோர் இரண்டு லட்சத்தை ஒட்டியோர். பதிந்தவர் எல்லோரும் வேலையற்றவர் அல்லர், வேலையற்றவர் எல்லோரும் பதிந்தவர் அல்லர் என்பதால் இவ்வெண்களை வேலையின்மையின் அளவுகோலாகக் கொள்வது பிழை. அவை காட்டுவது வேறொன்றை. ஒரு தலைமுறை தன் பெயரைப் பதிந்து, அட்டையைப் பெற்று, குறித்த காலத்தில் புதுப்பித்து, மறுபடி காத்திருந்த அந்தப் பழக்கத்தை அவை காட்டுகின்றன.

2

காத்திருந்தவர்கள் எங்கே காத்திருந்தார்கள்? கல்கத்தாவின் விடை, 'ராக்'.

இது இசையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் அன்று. பழைய வடகல்கத்தா வீடுகளின் வாசலையொட்டித் தெருவைப் பார்த்திருக்கும் மேடையை வங்கமொழி 'ரோயாக்' என்கிறது. நம் ஊர்த் திண்ணைக்கு உறவு. பேச்சுவழக்கில் அது 'ரக்' எனத் தேய்ந்தது. தமிழர் காதுக்கு அது 'ராக்' என்றே ஒலிக்கும். வேலையற்ற இளைஞர் காலையிலிருந்து அமர்ந்து அரட்டையடிக்கும் இடம் அதுதான். மேடைக்காரர்கள் என்ற பொருளில் அவர்களுக்கு வழங்கிய ஏளனப் பெயரும் இச்சொல்லிலிருந்தே பிறந்தது. கல்கத்தாவின் அரட்டை மரபைப் பற்றித் தீபேஷ் சக்ரவர்த்தி எழுதியவற்றைப் படித்தோர் இம்மேடையை நினைவுகூர்வர். அந்நகரத்தில் ராக் இசை வருவதற்கு முன்பே ராக் இருந்தது. அதில் வேலையின்மை உட்கார்ந்திருந்தது.

திரைப்படம் அவனை முதலில் கண்டுகொண்டது. சுனில் கங்கோபாத்யாயின் நாவலைத் தழுவிச் சத்யஜித் ராய் 1970-இல் எடுத்த 'பிரதித்வந்தி'யின் சித்தார்த்தன், நிலவில் மனிதன் கால்பதித்ததைவிட வியட்நாம் மக்களின் எதிர்ப்பே பெரிய நிகழ்ச்சி என்று நேர்காணலில் சொல்லி வேலையை இழக்கிறான். மிருணாள் சென்னின் 'இன்டர்வியூ' 1971-இல் வந்தது. அதன் நாயகன் ஒரு மேலைநாட்டு உடைக்காக நகரெங்கும் அலைகிறான். உடை கிடைக்காததால் வேலையும் கிடைப்பதில்லை. 1976-இல் வெளியான ராயின் 'ஜன ஆரண்யா'வில் சோமநாதன் வேலை தேடுவதையே விட்டுவிட்டு இடைத்தரகன் ஆகிறான். அவன் காதலிக்கு வேறிடத்தில் மணம் முடிவாகிறது. ஐந்தாறு ஆண்டுகளுக்குள் கோபம் எப்படிச் சமரசமாகக் கரைந்தது என்பதை இம்மூன்று படங்களையும் வரிசையாகப் பார்த்தால் உணரலாம்.

இவ்வரிசையின் நான்காவது படம் மிருணாள் சென்னின் 'சால்சித்ரா', 1981. நாளிதழில் வேலை வேண்டுமானால் நடுத்தர வர்க்க வாழ்க்கையைப் பற்றி விற்பனையாகக்கூடிய ஒரு கட்டுரை கொண்டுவா என்று ஆசிரியர் அனுப்பிவைக்கும் இளைஞனின் கதை. அந்த இளைஞனாக நடித்தவர் அஞ்சன் தத். பேலா போஸை அழைத்த குரல், பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன் திரையில் வேலை தேடியவனின் குரலே. பாடலுக்கும் திரைமரபுக்கும் உள்ள தொடர்பை நாம் ஊகித்து நிறுவ வேண்டியதில்லை. அது ஒரே மனிதரின் வாழ்க்கையில் நடந்தது.

இசையில் இதற்கு முன்னோடி உண்டு. கௌதம் சட்டோபாத்யாயும் நண்பர்களும் 1970-களின் நடுவில் தொடங்கிய 'மொஹீனேர் கோடாகுலி' குழு, ஜீவனானந்த தாசின் கவிதையொன்றிலிருந்து பெயர்கொண்டு, 1977-இல் முதல் இசைத்தட்டை வெளியிட்டது. அக்காலம் அவர்களைப் பொருட்படுத்தவில்லை. 1981-இல் குழு கலைந்தது. 1992-இல், பின்னாளில் கபீர் சுமன் ஆன சுமன் சட்டோபாத்யாயின் 'தொமாகே சாய்' வெளிவந்தபோதுதான், ஒற்றைக் கித்தாரோடு அன்றாட வாழ்க்கையைப் பாடும் நகரப் பாடலுக்குப் பெருந்திரளான கேட்போர் கிடைத்தனர். அடுத்த ஆண்டு நசிகேதா, அதற்கடுத்த ஆண்டு அஞ்சன் தத். 'ஜீவன்முகி' பாடல்கள், அதாவது வாழ்வை நோக்கிய பாடல்கள் என்று அவற்றுக்குப் பெயர் வந்தது. பாடகர்கள் அப்பெயரை எல்லாக் காலமும் விரும்பியதில்லை.

இடையில் மாறியது என்ன? ஒலிநாடா. இசைத்தட்டும் அதைச் சுழற்றும் கருவியும் வசதியுள்ளோர் வீட்டுப் பொருள்கள். ஒலிநாடாவை மேடையில் அமர்ந்திருப்பவனும் வாங்கலாம், நண்பனிடமிருந்து படியெடுக்கலாம். வட இந்திய இசையில் ஒலிநாடா நிகழ்த்திய மாற்றத்தைப் பீட்டர் மானுவல் 1993-ஆம் ஆண்டு நூலில் விரிவாக ஆராய்ந்திருக்கிறார். வங்கத்துக்கும் அந்த ஆய்வுமுறை பொருந்தும். 1977-இல் வேலையற்றவனைப் பற்றிப் பாட முடிந்தது. 1994-இல்தான் அந்தப் பாடலை வேலையற்றவன் விலைகொடுத்து வாங்க முடிந்தது.

3

இப்போது தொலைபேசிக்கு வருவோம். இப்பாடலின் உண்மையான களம் அதுவே.

இந்தியாவின் முதல் தொலைபேசி இணைப்பகங்களுள் ஒன்று 1882-இல் கல்கத்தாவின் கவுன்சில் ஹவுஸ் தெருவில் திறக்கப்பட்டது. ஏறத்தாழ நூற்றுப்பத்து ஆண்டுகளுக்குப் பின், 1991-இல், 84 கோடி மக்கள் வாழ்ந்த நாட்டில் தொலைபேசி இணைப்புகள் ஏறத்தாழ 50 லட்சம். விண்ணப்பித்துப் பல ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். தில்லிக்கும் பம்பாய்க்கும் 1986-இல் தனி நிறுவனம் அமைந்தது. கல்கத்தா துறையின் நேரடி நிர்வாகத்திலேயே நீடித்தது. தேய்ந்த இணைப்பகங்களும் மழைநீர் புகுந்த வடங்களும் சேர்ந்து தவறான இணைப்பை அன்றாட அனுபவமாக்கியிருந்தன. பத்துப் பன்னிரண்டு முறை தவறி விழுந்தபின் இணைப்புக் கிடைத்தது என்று அவன் சொல்வதை அந்நாளைய கல்கத்தாவாசி உயர்வு நவிற்சி என்று நினைத்திருக்க மாட்டார்.

1980-களின் பிற்பகுதியில் மஞ்சள் பலகை தொங்கும் பொதுத் தொலைபேசி நிலையங்கள் பெருகின. வேறு வேலை கிடைக்காத இளைஞர் பலருக்கு அந்நிலையத்தை நடத்துவதே வேலையாயிற்று என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும். பாடலில் மீட்டருக்குப் பின்னால், பெயரின்றி, அப்படியொருவர் அமர்ந்திருக்கிறார். காதல், திருமணம், சம்பளம் என அந்த இளைஞன் சொல்லும் ஒவ்வொரு சொல்லையும் அவர் கேட்டுக்கொண்டிருக்கிறார். வேலையற்றவனுக்குத் தனிமை இல்லை. உணவகத்தில் திரைச்சீலை, தொலைபேசியில் கண்ணாடிக் கதவு. அதற்கும் கட்டணம் உண்டு.

இன்னொன்று. பேலாவின் வீட்டில் தொலைபேசி இருக்கிறது. அவன் வீட்டில் இல்லை. நூறு பேருக்கு ஒரு தொலைபேசிகூட இல்லாத நாட்டில் இது சிறிய செய்தி அன்று. இருவருக்கும் இடையே உள்ள வர்க்க இடைவெளியை அப்பாடல் ஓரிடத்திலும் வாய்விட்டுச் சொல்வதில்லை. யார் யாருக்கு எங்கிருந்து அழைக்கிறார்கள் என்பதே அதைச் சொல்லிவிடுகிறது. அதோடு வீட்டுத் தொலைபேசி குடும்பத்தின் பொதுச் சொத்து. எடுப்பவர் தந்தையாகவோ தாயாகவோ அண்ணனாகவோ இருக்கலாம். பேலாவைக் கூப்பிடுமாறு அவன் கெஞ்சுவது அவளிடம் அன்று, அந்த வாசற்காவலரிடம்.

அடுத்த ஆண்டே காட்சி மாறிற்று. 1995 ஜூலை 31 அன்று முதலமைச்சர் ஜோதி பாசு கல்கத்தாவிலிருந்து தில்லியிலிருந்த தகவல்தொடர்பு அமைச்சர் சுக்ராமை அழைத்தார். நாட்டின் முதல் கைப்பேசி அழைப்பு என்று அதையே குறிப்பிடுகின்றனர். தொடக்கத்தில் நிமிடக் கட்டணம் பதினாறு ரூபாய் அளவில் இருந்தது. பாடலின் இளைஞன் தன் முதல் மாதச் சம்பளம் முழுவதையும் செலவிட்டாலும் ஒரு மணி நேரத்துக்குச் சற்றே கூடுதலாகத்தான் பேசியிருக்க முடியும்.

பாடலில் வரும் எண்ணைப் பற்றி ஒரு சொல். அது கற்பனை எண் என்றே பலரும் எண்ணினர். ஆனால் நகரில் ஒருவருக்கு உண்மையிலேயே அந்த எண் இருந்தது. பாடல் பரவியதும் முன்பின் அறியாதோர் இரவும் பகலும் அழைத்துப் பேலாவைக் கேட்டனர். பின்னர் பாடகர் வருத்தம் தெரிவிக்க நேர்ந்தது. இதைக் கல்கத்தாவில் வேடிக்கையாகச் சொல்வார்கள். எனக்கு இதில் வேடிக்கை தோன்றுவதில்லை. தவறான எண்ணில் விழுந்தவனைப் பாடிய பாட்டு, ஒரு நகரத்தையே தவறான எண்ணுக்கு அழைக்க வைத்தது. அந்த எண்ணை நான் எழுதாததற்கு அதுவே காரணம்.

4

1100 ரூபாய் என்பது எவ்வளவு? 1986 முதல் செயற்பட்ட நான்காம் ஊதியக்குழுவின்படி மத்திய அரசின் கடைநிலை ஊழியருக்குக் குறைந்த அடிப்படை ஊதியம் 750 ரூபாய். 1994 வாக்கில் அகவிலைப்படி அடிப்படை ஊதியத்தின் அளவைத் தொட்டுவிட்டது. ஆகவே அலுவலகத்தில் கோப்பு தூக்கும் ஊழியரின் கைக்கு வருவதைவிடக் குறைவான தொகையைத்தான் அந்தப் பட்டதாரி தன் வெற்றியாக அறிவிக்கிறான். அதுவும் மூன்று மாதத் தகுதிகாண் பருவத்துக்கு உட்பட்டது. அவனுக்குக் கிடைத்தது அரசுப் பணி அன்று, ஏதோவொரு தனியார் நிறுவனத்தின் கீழ்மட்டப் பணி என்று பாடலின் சொற்களிலிருந்தே கணிக்கலாம்.

1994 செப்டம்பரில் இடது முன்னணி அரசு, அந்நிய முதலீட்டையும் தனியார் தொழிலையும் வரவேற்கும் புதிய தொழிற்கொள்கையை அறிவித்தது. நிரந்தர அரசு வேலை என்ற கனவும், அக்கனவு தராமற் போனதைத் தருவதாகச் சொன்ன தனியார் வேலை என்ற புதுச் சொல்லாடலும் சந்தித்த ஆண்டு அது. மூன்று மாதத்தில் நிரந்தரம் என்ற அந்த ஒரு வாக்குறுதியில் அவ்விரண்டும் சேர்ந்தே ஒலிக்கின்றன. நிரந்தரம் என்ற சொல் பழைய கனவுக்கு உரியது. மூன்று மாதம் என்ற நிபந்தனை புதிய உலகத்துக்கு உரியது.

ஒப்புநோக்க ஓர் அமெரிக்கப் பாடலைச் சொல்லலாம். புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனின் 'தி ரிவர்' 1979 செப்டம்பரில் நியூயார்க்கின் மேடிசன் சதுக்க அரங்கில் முதன்முதலாக மேடையேறி, 1980 அக்டோபரில் அதே பெயருள்ள இசைத்தொகுப்பில் வெளிவந்தது. அதன் நாயகன் இளமையிலேயே மணந்து, தொழிற்சங்க அட்டை பெற்றுக் கட்டடத் தொழிலில் சேர்கிறான். பொருளாதாரம் சரிய, வேலை குறைகிறது. கணவனும் மனைவியும் ஒரே வீட்டில் அந்நியர் ஆகின்றனர். அங்கே வேலையின்மை ஓர் இழப்பு: இருந்தது, போயிற்று. கல்கத்தாவில் அது ஒரு காத்திருப்பு: இன்னும் வரவில்லை. இழப்பின் பாடல் திருமணத்துக்குப் பின்னர்த் தொடங்குகிறது. காத்திருப்பின் பாடல் திருமணத்துக்கு முன்னரே முடிந்துவிடுகிறது. மீரட் இளைஞரைப் பற்றிய தம் 2010-ஆம் ஆண்டு நூலுக்குக் கிரெய்க் ஜெஃப்ரி 'டைம்பாஸ்' என்று பெயரிட்டது இந்தக் காத்திருப்பைக் கருதியே. தொழில்மயமான நாட்டின் துயரப் பாடலை அளவுகோலாக வைத்து நம் பாடலை அளந்தால் இந்த வேறுபாடு கைநழுவிப் போகும்.

5

இதுவரை எழுதியவற்றை இரண்டாண்டுகளுக்கு முன் ஓர் ஆய்வரங்கில் வாசித்தேன். முடிந்ததும் ஒரு முதுகலை மாணவி எழுந்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "பேலாவுக்கு வேலை இருந்ததா?"

என்னிடம் விடை இல்லை. பாடலிலும் இல்லை. அக்கேள்வி எனக்குத் தோன்றவேயில்லை என்பதுதான் என்னை அதிகம் உறுத்தியது. நானும் அந்த இளைஞனைப் போலவே, ஒருமுனையிலிருந்து மட்டும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

வங்கப் பண்பாட்டில் இக்கேள்விக்கு இடமே இல்லை என்று சொல்ல முடியாது. ரித்விக் கட்டக்கின் 'மேகே டாகா தாரா', 1960, ஏதிலியர் குடும்பத்தைத் தன் சம்பளத்தால் தாங்கித் தேய்ந்துபோகும் நீத்தாவின் கதை. 1963-இல் வந்த ராயின் 'மகாநகர்' படத்தில் ஆரதி விற்பனைப் பணிக்குச் செல்கிறாள்; கணவனின் வங்கி மூடப்பட, அவள் சம்பளமே குடும்பத்தின் ஒரே வருமானமாகிறது. பிரிவினைக்குப் பிந்தைய பொருள்நெருக்கடி நடுத்தர வர்க்கப் பெண்களை அலுவலகங்களுக்குக் கொண்டுவந்த வரலாறு இப்படங்களில் பதிவாகியிருக்கிறது. அதற்கு முப்பதாண்டுகளுக்குப் பிறகு வந்த பாடலில் பெண் செய்யக்கூடிய ஒரே செயல், தாயிடம் மறுப்புச் சொல்வது. அதையும் செய்யச் சொல்பவன் அவன்.

1991 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்தியப் பெண்களுள் உழைப்போர் எனப் பதிவானோர் 22 விழுக்காட்டினர். மேற்கு வங்கத்தில் அதில் பாதி, சுமார் 11 விழுக்காடு. பெண்களின் உழைப்பைக் கணக்கெடுப்பாளர் காணத் தவறியதும் இதற்கு ஒரு காரணம். மற்றொரு காரணம், ஆணுக்கு வேலையின்மை என்று பெயர் பெற்றதே பெண்ணுக்கு இல்லறம் என்று பெயர் பெற்றது. பட்டம் பெற்று வீட்டிலிருக்கும் ஆண் 'பேகார்'. பட்டம் பெற்று வீட்டிலிருக்கும் பெண், வரன் பார்க்கப்படுபவள். இருவரும் காத்திருக்கின்றனர். அவன் காத்திருப்பைப் பதியப் பதிவேடு இருந்தது. பாட ஒரு பாடகர் இருந்தார்.

அப்படிப் பார்த்தால் அந்த மௌனத்துக்கு வேறு பொருள்களும் உண்டு. பேலா மகிழ்ச்சியில் அழுதிருக்கலாம். மணம் ஏற்கெனவே உறுதியாகிவிட்டிருக்கலாம். பக்கத்தில் தந்தை நின்றிருக்கலாம். இத்தனை ஆண்டுகள் தன் வாழ்க்கை ஒருவனின் நியமனக் கடிதத்துக்காக நிறுத்திவைக்கப்பட்டிருந்ததை அப்போதுதான் அவள் முழுமையாக உணர்ந்திருக்கலாம். 1100 ரூபாயில் கஸ்பாவில் வீடு நடத்த முடியுமா என்று மனத்துக்குள் கணக்குப் போட்டிருக்கலாம். அவன் பேச்சில் கனவு இருக்கிறது, கணக்கு இல்லை. கணக்கு எப்போதும் மறுமுனைக்கே விடப்படுகிறது.

இதனால் பாடல் குறைபட்டது என்று நான் கருதவில்லை. ஆணின் குரலை மட்டும் ஒலிக்கவிட்டு, அக்குரல் கேட்கத் தெரியாதது என்பதையும் அது மறைக்காமல் வைத்திருக்கிறது. பேலாவின் வாயில் ஒரு மறுமொழியை இட்டிருந்தால் அது ஒரு காதல் கதையாக முடிந்திருக்கும். மறுமொழி இல்லாததால், வேலையின்மை உறவுகளை எப்படிச் சிதைக்கிறது என்பதற்கான சான்றாக நிற்கிறது. பணமில்லாமை மட்டும் உறவைச் சிதைப்பதில்லை. இருவருடைய காலமும் ஒன்றாக ஓடாமற் போவதே சிதைக்கிறது. வேலை தேடுபவனின் காலம் அடுத்த நேர்காணல்வரை நின்றுகொண்டிருக்கிறது. மணத்துக்கு உரியவளாகக் கருதப்படுபவளின் காலத்தை வீடும் உறவினரும் விரட்டிக்கொண்டிருக்கின்றனர். அவன் செய்தியோடு வந்து சேரும்போது அவள் வேறொரு காலத்தில் இருக்கிறாள். பத்துப் பன்னிரண்டு தவறான எண்களைத் தாண்டிச் சரியான எண்ணை அடைந்தாலும் அந்த இடைவெளியைத் தாண்ட முடிவதில்லை.

6

இவ்வளவையும் எழுதத் தூண்டியது சென்ற மாதம் வந்த ஓர் அழைப்பு. அன்று மொட்டைமாடியில் கித்தார் வாசித்தவர் அழைத்தார். முனைவர் பட்டம் பெற்று ஆறாண்டுகள் ஆகின்றன. ஒரு கல்லூரியில் தற்காலிக ஆசிரியர் பணி கிடைத்திருக்கிறது. தொகுப்பூதியம். பிறகு நிரந்தரமாக்குவார்கள் என்று சொல்லியிருக்கிறார்களாம். வாழ்த்துச் சொன்னேன். வீட்டில் என்ன சொன்னார்கள் என்று கேட்டேன். அவர் சற்று நேரம் பேசவில்லை. இணைப்பு அறுந்துவிட்டதோ என்று நான் இரண்டுமுறை அவர் பெயரைச் சொல்லி அழைத்தேன். பிறகு அவர் வேறு ஏதோ பேசத் தொடங்கினார். நானும் மறுபடி கேட்கவில்லை.

இப்பக்கத்தைப் படிப்போரில் பலர் ஆய்வு மாணவர்கள்; சிலர் என் நண்பரைப் போலவே காத்திருப்பவர்கள். பல மொழிகளிலிருந்து வந்தவர்கள். உங்கள் மொழியில் வேலையின்மையைப் பாடும் பாடல்கள் கட்டாயம் இருக்கும். அவற்றைச் சொல்லுங்கள். ஆனால் ஒரு வேண்டுகோள்: தொலைபேசியின் மறுமுனையிலிருந்து, காத்திருக்க வைக்கப்பட்டவளின் குரலில் ஒலிக்கும் பாடல் ஒன்றேனும் உண்டா என்று முதலில் தேடிப்பாருங்கள். அந்த மாணவிக்கு நான் இன்னும் விடை சொல்லவில்லை.